ஓவியக்கூடத்துக்கு ஊரைக் கூப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் சென்னையில் ஒரு கலைக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை குடும்ப நிகழ்ச்சி. ஏற்பாடு செய்திருந்த பிள்ளைகள் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாதவர்கள். நல்ல பிள்ளைகள், ராத்திரி பதினோரு மணி வரை காகிதம் வெட்டிக்கொண்டிருந்தவர்கள். ஓரமாக நின்று பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நான் என்னென்ன தப்பு செய்தேனோ அதையெல்லாம் கிட்டத்தட்ட அதே வரிசையில் செய்துகொண்டிருந்தார்கள். அன்றைக்கே சொல்லியிருக்கலாம், நிகழ்ச்சி நடுவில் சொல்ல மனசு வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

மைக் கீச்சிடுவது, பேனரில் எழுத்துப்பிழை, சிறப்பு விருந்தினர் தாமதமாக வருவது இதெல்லாம் ஒரு தடவை பட்டாலே புத்தி வந்துவிடும். அதை விட்டுவிடுகிறேன்.

"நம்ம ஜனங்களுக்கு இதுல ஆர்வம் இல்ல" என்று ஆரம்பிப்பது

இந்த வார்த்தையை ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது சொல்கிறார்கள். சென்னையில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்வதுதான் எனக்கு ஆச்சரியம். எழும்பூர் அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது. முதலில் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பால்ஃபோர், அந்த வளாகத்திலேயே 1855இல் ஒரு விலங்குக்காட்சியையும் வைத்தார். கூட்டம் கூட்டமாக ஜனங்கள் வந்தார்கள். பிறகு அந்த விலங்குகள் பீப்பிள்ஸ் பார்க் என்ற பூங்காவுக்குப் போயின. ஊர்க்காரர்கள் அந்த விலங்குக்காட்சிக்கு 'உயிர் காலேஜ்' என்றும் அருங்காட்சியகத்துக்கு 'செத்த காலேஜ்' என்றும் பெயர் வைத்தார்கள். கேலியாகத் தோன்றலாம். எனக்கு அப்படிப் படவில்லை. ஒரு இடத்துக்குத் தானாகப் பட்டப்பெயர் வைக்கிற அளவுக்கு அது அவர்கள் வாயில் புழங்கியிருக்கிறது. காணும் பொங்கல் அன்றைக்குப் புளிசாதம் கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக அங்கே போவது எத்தனையோ தலைமுறையின் பழக்கம்.

ஆக, ஆர்வம் இருந்தது, இருக்கிறது. வந்தவர்கள் ஏன் மறுபடி வரவில்லை என்று கேட்டுப் பாருங்கள், அப்போதுதான் வேலை பிடிபடும்.

பேசிக்கொண்டே இருப்பது

எழும்பூர் வெண்கலக் கூடத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் இருக்கிறார். பதினோராம் நூற்றாண்டுச் சோழர் வேலை. முதன்முதலாக ஒரு அரசுப் பள்ளி வகுப்பை அங்கே கூட்டிப்போனபோது சோழர் காலம், மெழுகு வார்ப்பு, பாதி சிவன் பாதி பார்வதி என்று பன்னிரண்டு நிமிஷம் மூச்சுவிடாமல் பேசினேன். பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். முடித்துவிட்டு நகரும்போது ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் நின்றுவிட்டான். "மிஸ், இந்தப் பக்கம் ரெண்டு கை இருக்கு. அந்தப் பக்கம் ஒண்ணுதான் இருக்கு. உடைஞ்சிடுச்சா?"

உடையவில்லை. சிவன் பாதிக்கு இரண்டு கை, அம்மை பாதிக்கு ஒன்று, அப்படித்தான் வார்த்திருக்கிறார்கள். அந்தச் சிலையில் பார்க்க வேண்டிய விஷயமே அதுதான். அத்தனை நேரம் பேசியும் நான் அதைச் சொல்லவில்லை. பையன் தானே கண்டுபிடித்துவிட்டான். "ஏன் அப்படிச் செஞ்சிருப்பாங்க?" என்று கேட்டதும் மொத்த வகுப்பும் திரும்பி ஓடிவந்தது. இடுப்பு ஒரு பக்கம் வளைந்திருக்கிறது, ஒரு பக்கம் மட்டும் மார்பு, உடை இரண்டு பக்கமும் வேறு வேறு என்று ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

இதற்கு முறையாக ஒரு வழியே உண்டு. அபிகெயில் ஹவுசன், பிலிப் யெனவைன் என்ற இரண்டு பேர் அமெரிக்காவில் உருவாக்கியது, மூன்றே கேள்விகள்தான். இதில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது? நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஒருவர் ஒரு படத்தின் முன் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று ஓர் ஆய்வு நடந்து 2001இல் வெளியானது. சராசரி 27 விநாடி, பாதிப் பேர் 17 விநாடிக்குள் நகர்ந்துவிடுகிறார்கள். அந்த இரண்டாவது கேள்வி ஆளை மறுபடி படத்தின் பக்கம் திருப்புகிறது, நேரம் தானாகக் கூடுகிறது.

ஆனால் கேள்வி மட்டும் கேட்டுவிட்டு, தெரிந்ததைச் சொல்லாமல் சிரித்துக்கொண்டு நிற்பதும் தப்புதான். பையன் கேட்டான் அல்லவா, உடைந்துவிட்டதா என்று? அவனுக்கு ஒரு பதில் வேண்டும். அவன் கேட்ட பிறகு சொல்லுங்கள், அவ்வளவுதான்.

கதையை வாங்கிக்கொண்டு ஆளைக் கைவிடுவது

இதைப் பற்றித்தான் எழுத வந்தேன். இத்தனை வருஷம் ஆகியும் நினைத்தால் கோபம் வருகிறது, முதலில் என் மேல்தான்.

நான் வேலை பார்த்த ஒரு கலைக்கூடத்தில் வீட்டுப் பாத்திரம் பண்டங்களை வைத்து ஒரு கண்காட்சி என்று முடிவானது. கூடத்துக்குப் பின்னால் இருக்கிற தெருவில்தான் வேலை. எட்டு மாதம், செவ்வாய்க்கிழமை தோறும் மத்தியானம் இரண்டு மணிக்குப் போவோம். நாலு மணிக்குத் தண்ணி லாரி வரும், அதற்குள் முடித்துவிட வேண்டும். பதினான்கு பெண்கள் வருவார்கள். முதல் இரண்டு மாதம் யாரும் ஒன்றும் தரவில்லை. அப்புறம் ஒருவர் முறத்தைக் கொண்டுவந்தார், ஒருவர் அரிவாள்மணை, ஒருவர் அவர் அம்மா தலையில் சும்மாடு கட்டிய துணி. ஒரு அக்கா பித்தளைத் தூக்குச்சட்டி ஒன்றைக் கொண்டுவந்தார், அவர் மாமியாருடையது. அந்த அம்மா அதில்தான் மாமனாருக்குத் தினமும் சாப்பாடு எடுத்துக்கொண்டு நடந்திருக்கிறார். அடிப்பக்கம் ஒரு நசுங்கல், வழியில் ஒருநாள் விழுந்தபோது பட்டதாம். மூடிக்குக் கீழே, கழுத்தைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக மாமியார் பெயர். பாத்திரக்கடையில் உளியை வைத்துத் தட்டித் தருவார்களே, அந்த எழுத்து. தேய்த்துத் தேய்த்து நடு எழுத்து ஒன்று பாதி அழிந்திருந்தது. விரலை வைத்துத் தடவினால்தான் தெரியும். அக்கா அதைப் பார்க்காமலே தடவிக் காட்டினார்.

திறப்பு விழா அன்றைக்கு எல்லாரும் பட்டுப்புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு, பேரப்பிள்ளைகளோடு வந்தார்கள். முன்னால் இரண்டு வரிசை நாற்காலியில் 'விஐபி' என்று தாள் ஒட்டியிருந்தது. இவர்களுக்குத் தூணுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி. மேடையில் முக்கால் மணி நேரம் ஆங்கிலத்தில் பேசினார்கள். 'மக்கள் பங்கேற்பு' என்ற பொருளில் எத்தனையோ தடவை சொன்னார்கள், ஒரு பெயரைக்கூடச் சொல்லவில்லை.

அப்புறம் உள்ளே போனோம். தூக்குச்சட்டி கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு வெளிச்சத்தில் ஜொலித்தது. கீழே அட்டை: 'தூக்குச்சட்டி. பித்தளை. 20ஆம் நூற்றாண்டு. உள்ளூர்வாசி ஒருவர் வழங்கியது.' சட்டியின் பெயர் பொறித்த பக்கம் சுவரைப் பார்த்து இருந்தது. இந்தப் பக்கம் வைத்தால் வெளிச்சம் நன்றாக விழுகிறது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். அக்கா கழுத்தை வளைத்து, கண்ணாடிக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தார். என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "பேரு அந்தப் பக்கம் போயிடுச்சே, கொஞ்சம் திருப்பி வைக்கக் கூடாதா?"

"பூட்டியாச்சுக்கா. சாவி ஆபீஸ்ல இருக்கு" என்றேன்.

சாவி இருபது அடி தூரத்தில் இருந்தது. போய் வாங்கியிருக்கலாம். அமைச்சகத்திலிருந்து வந்திருந்தவர்களை வழியனுப்ப வேண்டும் என்று ஓடினேன்.

கண்காட்சி இரண்டு மாதத்தில் முடிந்தது. பொருள்களைத் திருப்பித் தர ஐந்து மாதம் ஆனது, ஒரு படிவத்தில் ஒரு கையெழுத்து இல்லை என்பதற்காக. கடைசியில் வண்டிக்காரர் ஒரு அட்டைப்பெட்டியில் எல்லாவற்றையும் போட்டுத் தெருமுனைக் கடையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். தூக்குச்சட்டி மூடியில் ஒட்டியிருந்த நம்பர் ஸ்டிக்கரைப் பிய்த்தால் பசை போகவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். நிதி முடிந்துவிட்டது, எங்களுக்கு வேறு வேலை வந்துவிட்டது, செவ்வாய்க்கிழமை யாரும் போகவில்லை. அவர்களிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

அடுத்த வருஷம் புது நிதி வந்தது. அதே தெருவுக்கு நோட்டுப்புத்தகத்தோடு போனேன். அக்கா வாசலில் நின்றார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், அந்த மரியாதையில் குறை வைக்கவில்லை. அப்புறம் கேட்டார்: "போன தடவை குடுத்தது பத்தலையா?"

நான் அங்கே இருந்த வரைக்கும் அந்தத் தெருவிலிருந்து ஒருவர்கூட அந்தக் கூடத்துக்குள் காலெடுத்து வைக்கவில்லை. பக்கத்துத் தெருவில் கேட்டால், "அவங்க சொன்னாங்க" என்று கதவைச் சாத்தினார்கள். எட்டு மாதத்தில் சேர்த்தது ஒரு சாயங்காலத்தில் போய்விட்டது. அதைக் காசு போட்டுத் திரும்ப வாங்க முடியாது.

இப்போது நான் எந்த வேலையையும் கண்காட்சி முடிந்த மறுநாளிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுகிறேன். பொருள் எந்தத் தேதியில் வீடு திரும்பும், யார் கையில் கொடுப்பார்கள் என்று முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுவது. அட்டையில் அவர்கள் சொல்கிறபடி பெயர், பெயர் வேண்டாம் என்றால் வேண்டாம். பொருளை எப்படி வைக்கிறோம் என்பதைத் திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் அவர்களைக் கூப்பிட்டுக் காட்டுவது, இந்த ஒன்றைச் செய்திருந்தால் சட்டி திரும்பியிருக்கும். முன்வரிசை அவர்களுக்கு. வந்து உட்கார்ந்த நேரத்துக்கு அரைநாள் கூலி, ஏனென்றால் நமக்கு அது வேலை நேரம் என்றால் அவர்களுக்கும் வேலை நேரம்தான். கிடைக்கிற நிதியில் மூன்றில் ஒரு பங்கைக் கண்காட்சிக்கு அப்புறமான ஒரு வருஷத்துக்கு என்று எடுத்து வைத்துவிடுங்கள். தருகிறவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், சண்டை போடுங்கள். முடியவே முடியாது என்றால், "மார்ச்சோடு முடியுது, அதுக்கப்புறம் நாங்க வரமாட்டோம்" என்று முதல் செவ்வாய்க்கிழமையே சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டுவிட்டும் வருகிறவர்கள் வருவார்கள்.

இலவசம் என்றால் போதும் என்று நினைப்பது

நுழைவுச்சீட்டு இல்லை, சரி. பஸ் செலவு? மூன்று பிள்ளைகளோடு இரண்டு பஸ் மாறி வரும் அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகிறது, வழியில் பிள்ளைகள் ஏதாவது கேட்டால் அதுவும்.

அமெரிக்காவில் டெட்ராய்ட் கலை அருங்காட்சியகம் செய்ததை இளையவர்களுக்கு அடிக்கடி சொல்வேன். 2010இல் அவர்கள் தங்கள் ஓவியங்களின் நகல்களை அசல் அளவிலேயே செய்து தெருவிலும் பூங்காவிலும் கொண்டுபோய் வைத்தார்கள். 2012இல் சுற்றியுள்ள மூன்று கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) மக்கள், அருங்காட்சியகத்துக்காகத் தங்கள் சொத்துவரியைக் கூட்டிக்கொள்ள வாக்களித்தார்கள். பதிலுக்கு அவர்களுக்கு நுழைவு இலவசம், பள்ளிப் பிள்ளைகளுக்கு பஸ், வயதானவர்களுக்குத் தனி ஏற்பாடு. அடுத்த வருஷமே நகராட்சி திவாலாகி, ஓவியங்களை விற்றுக் கடனை அடைக்கலாமே என்ற பேச்சு வந்தது. 2014இல் ஏற்பட்ட ஓர் ஒப்பந்தத்தால் அவை தப்பின. 2020இல் அதே மக்கள் அந்த வரியை நீட்டிக்க மறுபடி வாக்களித்தார்கள். இதில் எனக்குப் பிடித்தது அந்த பஸ்தான். நீங்கள் சின்ன இடம் என்றால் ஒரே ஒரு வேன் பிடியுங்கள், மாதம் ஒரு தடவை, ஒரே பள்ளிக்கு.

காவலாளிகளை மறப்பது

வருகிறவர் முதலில் பார்க்கிற முகம் அவர்களுடையது. நிகழ்ச்சி என்ன என்று அவர்களுக்கே தெரியாவிட்டால் "சத்தம் போடாதே, தொடாதே" என்பதுதான் வரவேற்பு. முந்தின நாள் சாயங்காலம் டீ வாங்கிக் கொடுத்து, நாளைக்கு யார் வருகிறார்கள், பிள்ளைகள் எங்கே ஓடலாம், எதைத் தொடலாம் என்று உட்கார்ந்து பேசுங்கள். எந்தப் படத்தின் முன்னால் ஜனங்கள் நிற்கிறார்கள் என்று அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும், கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத்தில் எழுதி அப்புறம் தமிழாக்குவது

தமிழில் முதலில் எழுதுங்கள். எழுதியதை வாசலில் பூ விற்கிற அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள்.

தலை எண்ணுவது

எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு, எத்தனை பேர் இரண்டாம் தடவை வந்தார்கள் என்றும் எழுதுங்கள்.

கழிப்பறை

திறந்திருக்கிறதா, உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று நிகழ்ச்சிக்கு அரை மணி நேரம் முன்னால் நீங்களே போய்ப் பாருங்கள். யாரையும் அனுப்ப வேண்டாம். பெண்கள் இரண்டு மணி நேரம் இருப்பார்களா, இருபது நிமிஷத்தில் கிளம்பிவிடுவார்களா என்பது அங்கேதான் முடிவாகிறது.