சாங்கியில் வருகை அட்டைச் சிக்கல்: நான் சரிசெய்த விதம்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் குடிநுழைவுச் சோதனையின் தானியங்கி வாயில் திறக்காமல் கவுன்ட்டருக்குப் போகச் சொன்னால், முதலில் பார்க்க வேண்டியது சிங்கப்பூர் வருகை அட்டையில் (இணையத்தில் நிரப்பும் படிவம்) உள்ள பாஸ்போர்ட் எண். என் அட்டையில் ஒரு இலக்கம் மாறியிருந்தது. இந்தியப் பாஸ்போர்ட் எண்ணில் முதலில் ஒரு எழுத்து, பிறகு ஏழு இலக்கங்கள். மங்கிய ஒளியில் 8-உம் 3-உம் ஒன்றுபோலத் தெரியும். எண் தப்பென்றால் புது அட்டையே நிரப்பிவிடுங்கள். போனிலேயே முடிந்துவிடும்.

அட்டையை இறங்குவதற்கு முன், இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் குடிநுழைவுத் துறையின் தளத்தில் நிரப்ப வேண்டும். இலவசம், காசு கேட்கிற தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். இது விசா அல்ல, அது தனி. பாஸ்போர்ட்டில் முத்திரை விழாது. தங்கும் நாள் கணக்கு மின்னஞ்சலில் வரும், அதைப் பத்திரப்படுத்துங்கள்.

சுங்கத்தில் நம்மவர்கள் மாட்டுவது சிகரெட்டில்தான். அதற்கு வரிச்சலுகையே கிடையாது, ஒரே ஒரு சிகரெட் என்றாலும் சிவப்பு வழியில் போய்ச் சொல்லி வரி கட்டணும். சூயிங்கம் பாக்கெட்டை ஊரிலேயே விட்டுவிடுங்கள். 20,000 சிங்கப்பூர் டாலருக்கு மேல் ரொக்கம் இருந்தால் அதையும் அறிவிக்க வேண்டும்.