படுக்கும் முன் ஐந்து நிமிடம்

பத்துப் பேரை வைத்து வேலை வாங்கும் பொறுப்பில் இருந்து, படுத்தும் தூக்கம் வராமல் தவிப்பவரா? படுக்கப் போகும் முன், மறுநாள் வேலைகளை ஐந்து நிமிடம் தாளில் எழுதிவையுங்கள். 'ஆடிட்டர் வேலை' என்று மொட்டையாக வேண்டாம். 'காலை 10 மணி, ஆடிட்டருக்குப் போன், ஜூன் மாத ரசீதுகள்' என்று எழுதுங்கள். முடிக்காமல் விட்ட வேலையைத்தான் மனம் அசைபோட்டுக்கொண்டே இருக்கும். தாளில் இறங்கிவிட்டால் அதைச் சுமக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 57 பேரிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். கைப்பேசியில் மட்டும் எழுதாதீர்கள், வாட்ஸ்அப் இழுத்துக்கொள்ளும். மனத்தை அரிப்பது வேலையல்ல, ஒருவருடனான மனக்கசப்பு என்றால் பட்டியல் உதவாது. வாரக்கணக்கில் தூக்கம் கெட்டிருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.