ஊரில் பெற்றோரை இழந்த பிள்ளையை அமெரிக்காவுக்கு அழைத்து வர: பத்திரம் எழுதும் முன் படியுங்கள்

அண்ணனோ அக்காவோ தவறிப்போய், பிள்ளை தாத்தா பாட்டியிடம் வளர்கிறது. நாமே தத்தெடுத்து இங்கே கூட்டி வந்துவிடலாம் என்று மனம் பரபரக்கும். உடனே ஊருக்குப் போய் சார்பதிவாளர் அலுவலகத்தில் தத்துப் பத்திரம் பதிந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பெற்றோர் இருவரும் இல்லாத பிள்ளையானால் நீதிமன்ற அனுமதியும் இருந்தால்தான், 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டப்படி அந்தப் பத்திரம் ஊரில் செல்லும். அதை மட்டும் காட்டினால் அமெரிக்கத் தூதரகம் பிள்ளைக்குக் குடியேற்ற விசா தராது.

காரணம், நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான ஹேக் தத்தெடுப்பு உடன்படிக்கை. இந்தியாவில் 2003 முதலும் அமெரிக்காவில் 2008 ஏப்ரல் முதலும் அது நடைமுறையில் இருக்கிறது. குழந்தைக் கடத்தலைத் தடுக்க வந்த ஏற்பாடு என்பதால், எதற்குப் பிறகு எது என்ற வரிசையில் துளியும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

முதல் கேள்வி, கணவன் மனைவியில் ஒருவராவது அமெரிக்கக் குடிமகனா? ஆம் என்றால்தான் ஹேக் வழி திறக்கும். கிரீன் கார்டு மட்டும் இருந்தால், 16 வயதுக்குள் தத்தெடுத்து, சட்டப்படி பொறுப்பேற்று, பிள்ளையோடு 2 வருடம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். ஊரில் போய் அவ்வளவு காலம் தங்கினால் கிரீன் கார்டுக்கே சிக்கல் வரலாம். அந்த நிலையில் இருப்பவர்கள் குடியேற்ற வழக்கறிஞரைப் பார்க்காமல் ஒரு அடியும் எடுத்து வைக்க வேண்டாம்.

குடியுரிமை உள்ளவர்களுக்கு வரிசை இதுதான். அங்கீகாரம் பெற்ற தத்தெடுப்பு முகமை ஒன்றைப் பிடியுங்கள். சொந்தக்காரர் பிள்ளையானாலும் முகமை வேண்டும். அவர்கள் ஏற்பாட்டில் வீட்டு ஆய்வு நடக்கும். அமெரிக்கக் குடியேற்றத் துறையிடம் ஐ-800ஏ படிவத்தில் உங்கள் தகுதிக்கு ஒப்புதல் வாங்க வேண்டும். அப்புறம் இந்தியாவில் 'காரா' என்கிற மத்திய தத்தெடுப்பு ஆணையத்தில் பதிவு. பிள்ளையின் பெயரில் ஐ-800 மனு முதற்கட்டமாக ஏற்கப்பட்டு, தூதரகமும் பச்சைக்கொடி காட்டிய பிறகே ஊரில் தத்தெடுப்பு ஆணை. 2022 செப்டம்பரிலிருந்து அந்த ஆணையை நீதிமன்றம் அல்ல, மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார். ஐ-800 மனுவைப் பிள்ளைக்கு 16 வயது நிறையும் முன் போட்டாக வேண்டும். 14 வயதுப் பிள்ளை என்றால் இன்றைக்கே தொடங்குங்கள்.

உறவு விஷயத்தில் நம்மவர்கள் தடுமாறுவது உண்டு. இந்தியச் சட்டத்தில் உறவினர் தத்தெடுப்பு என்றால் பிள்ளைக்குச் சித்தப்பா, பெரியப்பா, மாமா, அத்தை, சித்தி, பெரியம்மா, தாத்தா, பாட்டி ஆகியோர்தான். பெரியப்பா மகனின் பிள்ளை நமக்கு அண்ணன் பிள்ளைதான், சட்டத்துக்கு அப்படியில்லை.

தாயோ தந்தையோ ஒருவர் மட்டும் உயிரோடு இருந்தால், நிரந்தரமாக விட்டுக்கொடுக்கும் சம்மதத்தை அவர் எழுத்தில் தர வேண்டும்; இருவருமே இருந்தால், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இயலாத நிலையையும் சேர்த்துக் காட்ட வேண்டும். நல்ல படிப்புக்காக அனுப்புகிறோம் என்பது காரணமாகாது. சுற்றுலா விசாவில் கூட்டி வந்து இங்கே தத்தெடுக்கும் யோசனையும் வேண்டாம். பாதிக்கப்படப்போவது அந்தப் பிள்ளை.

காத்திருக்கும் காலத்தில் காகிதங்களைச் சரிசெய்யுங்கள். பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் 'எஸ். முருகேசன்', இறப்புச் சான்றிதழில் 'முருகேஷன்', ஆதாரில் இன்னொன்று என்றிருக்கும். இன்ஷியலை விரித்து எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கூட்டலுக்குக் கொண்டுவாருங்கள். பிள்ளையின் பாஸ்போர்ட்டுக்கும் இது உதவும்.

ஊரிலேயே தத்தெடுப்பு முழுமையாக முடிந்திருந்தால் ஐஎச்-3 விசா கிடைக்கும். குடியுரிமையுள்ள பெற்றோரோடு வாழ வரும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளை, அமெரிக்காவில் நுழைந்ததும் குடிமகன் ஆகிவிடும். அதற்கான சான்றிதழும் தருவார்கள். அதற்குப் பிறகும் 2 வருடம் முகமை காராவுக்கு அறிக்கை அனுப்பும், முதல் வருடம் 3 மாதத்துக்கு ஒருமுறை, அடுத்த வருடம் 6 மாதத்துக்கு ஒருமுறை. அந்த அறிக்கைக்காக வீட்டுக்கு வருபவரிடம் பிள்ளையைத் தனியாகப் பேச விடுங்கள்.