இரவில் சைக்கிள் ஓடுவோருக்கு ஒளிரும் மேலங்கி: கடத்து நூலால் தைக்கும் முறை

ரியூசன் முடிந்து இருட்டில் வீடு திரும்பும் பிள்ளைகளும், யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் சைக்கிளில் போகும் வேலையாட்களும் பின்னால் வரும் வாகனக்காரரின் கண்ணில் பட வேண்டும். சைக்கிளின் பின்விளக்கும் பிரதிபலிப்பானும் தாழ்வாக இருப்பவை. முதுகின் உயரத்தில் ஒரு வரிசை வெளிச்சம் இருந்தால் ஆள் இருப்பது தூரத்திலேயே தெரியும். சைக்கிளில் உள்ளவற்றைக் கழற்றிவிட்டு இந்த மேலங்கியைப் போடக்கூடாது, அவற்றோடு சேர்த்தே போட வேண்டும்.

தேவையானவை குறைவு. நான்கு சிவப்பு எல்.ஈ.டி, மின்சாரத்தை மட்டுப்படுத்தும் 150 ஓம் தடையி நான்கு, இரண்டு ஏஏஏ பற்றரி வைக்கும் சுவிட்ச் உள்ள பெட்டி, இரண்டு சோடி உலோக அமுக்குப் பொத்தான், 5 மீற்றர் கடத்து நூல் (மின்சாரம் கடத்தும் தையல் நூல்). இதில் மைக்ரோகொன்ரோலர், அதாவது புரோகிராம் ஏற்றி இயக்கும் சிறு கணினிச் சில்லு, இல்லை. லியா பியூக்லி உருவாக்கிய லிலிபேட் ஆர்டுயினோ என்ற, அத்தகைய சில்லுள்ள தைக்கும் பலகை 2007இல் விற்பனைக்கு வந்தபின் உடுப்பில் தைக்கும் பலகைகள் பல வந்துவிட்டன. ஆனாலும் முதல் உடுப்புக்கு அவை வேண்டாம். விளக்கு எரியாவிட்டால் பிழை நூலிலா, முடிச்சிலா, புரோகிராமிலா என்று தேடியே களைத்துப்போவீர்கள்.

நூலைத் தெரிவு செய்வதில் அவசரம் கூடாது. வெள்ளி பூசிய நைலோன் நூல் மெதுவானது, தைக்கவும் சுகம். ஆனால் வெள்ளிக் கொலுசு கறுப்பதுபோல அதுவும் வியர்வையிலும் காற்றிலும் கறுத்து, மின்தடை ஏறிவிடும். நமது உப்புக்காற்றுக்கு மூன்று இழை ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் நூல்தான் பொருத்தம். அதன் தடை மீற்றருக்கு ஏறத்தாழ 33 ஓம். உள்ளூர்க் கடைகளில் தேடி அலையாமல் இணையவழி எடுப்பது நல்லது. செப்பு வயருக்கு இவ்வளவு தடை இல்லை என்பதை மனதில் வைத்தால்தான் கீழே வரும் கணக்கு விளங்கும்.

சிவப்பு எல்.ஈ.டி எரிய ஏறத்தாழ 2 வோல்ற்று போதும். வெள்ளைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ற்றுக்கு மேல் வேண்டும், இரண்டு ஏஏஏயில் அவை சரியாக எரியா. பொத்தான் வடிவப் பற்றரியையும் தவிர்த்துவிடுங்கள். நான்கு விளக்குகளை இழுக்கும்போது அதன் வோல்ற்றளவு சட்டென்று இறங்கும். சிறுபிள்ளை விழுங்கினால் உயிராபத்து. லிதியம் பொலிமர் பற்றரி உடுப்பில் குத்துப்பட்டாலோ குறுக்குச்சுற்று ஏற்பட்டாலோ தீப்பிடிக்கும். ஏஏஏ எந்தப் பெட்டிக்கடையிலும் உண்டு.

இனி வரைபடம். மேலங்கியின் முதுகுப் பக்கத்தில், இடுப்புக்குக் கிட்ட நடுவில் பற்றரிப் பை. அதிலிருந்து 25 சென்ரிமீற்றர் மேலே விளக்கு வரிசை, விளக்குக்கு விளக்கு 8 சென்ரிமீற்றர். வரிசையில் இரண்டு கோடுகள்: மேலே நேர் (+), கீழே மறை (−), இடையில் 2 சென்ரிமீற்றர். நேர்க்கோடு பையிலிருந்து இடப்பக்கமாக ஏறி மேற்கோட்டின் இடது முனையில் சேரட்டும். மறைக்கோடு வலப்பக்கமாக ஏறி கீழ்க்கோட்டின் வலது முனையில் சேரட்டும். இரண்டையும் ஒரே பக்கத்தால் ஏற்றினால் கடைசி விளக்கு மங்கும், ஏனென்றால் அதற்குப் போகும் மின்சாரம் கூடுதலான நூலைக் கடக்கிறது. எதிரெதிர்ப் பக்கத்தால் ஏற்றினால் எல்லா விளக்குக்கும் வழி ஏறத்தாழ ஒரே நீளம். கோடுகள் எங்கும் ஒன்றையொன்று வெட்டவும் மாட்டா.

பையிலிருந்து வரிசை வரையான 30 சென்ரிமீற்றரை இரட்டைத் தையலாகத் தையுங்கள். ஒற்றை நூலில் 10 ஓம், இரட்டையில் 5. நான்கு விளக்கின் மின்சாரமும், அதாவது ஏறத்தாழ 20 மில்லி அம்பியர், இந்த வழியால்தான் போகிறது. இரண்டு பக்கமும் சேர்த்து ஒற்றை நூலில் 0.4 வோல்ற்று வீணாகும், இரட்டையில் 0.2. இரண்டு ஏஏஏ தரும் 3 வோல்ற்றில் எல்.ஈ.டிக்கு 2 போக, கையில் மிச்சம் இருப்பது 1 வோல்ற்றுத்தான் என்பதால் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். புதிய அல்கலைன் ஏஏஏ ஏறத்தாழ 1000 மில்லி அம்பியர் மணித்தியாலம் தரும். கணக்குக்கு 50 மணித்தியாலம் வந்தாலும், போகப்போக வெளிச்சம் மங்குவதால் 30 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

துணி நெருக்கமாக நெய்த பருத்தியாகவோ பொலியெஸ்ரர் கலந்ததாகவோ இருக்கட்டும். இழுபடும் ரீசேட் துணியில் ஸ்ரீல் நூல் இழுபடாது. தையல் சுருங்கும் அல்லது அறும். சோக்குக்கட்டியால் கோடுகளைக் கீறி, உட்பக்கத்தில் கொலருக்கு வைக்கும் ஒட்டுக் கன்வசை இஸ்திரிக்கை போட்டு ஒட்டுங்கள்.

ஒவ்வொரு எல்.ஈ.டியின் நீளக் காலிலும் (அதுதான் நேர்) ஒரு தடையியைப் பற்றாசு வைத்து, அந்த இணைப்பைச் சூட்டில் சுருங்கும் குழாயால் மூடுங்கள். பிறகு வட்டமூக்குக் குறட்டால் தடையியின் வெளிக்காலை வட்ட வளையமாகவும் எல்.ஈ.டியின் குறுங்காலைச் சதுர வளையமாகவும் மடியுங்கள். தைக்கும்போது எது நேர், எது மறை என்று கண்ணே சொல்லும்.

கையால் தைத்தால் 3 மில்லிமீற்றர் ஓட்டுத் தையல். இயந்திரத்தில் தைத்தால் கடத்து நூலைப் பொபினில் சுற்றி, மேலே சாதாரண பொலியெஸ்ரர் நூலைப் போட்டு, மேல் இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்துங்கள். ஊசி 90/14. ஸ்ரீல் நூலை மேலே போட்டால் இறுக்கத் தட்டில் சிக்கி அறும்.

கோளாறுகளில் பெரும்பாலானவை பிறக்கும் இடம் நூலும் உலோகமும் சந்திக்கும் இடம். ஸ்ரீல் நூலில் சாதாரண பற்றாசு ஒட்டாது, ஆகவே அழுத்தம் ஒன்றுதான் இணைப்பு. ஒவ்வொரு வளையத்திலும் குறைந்தது ஐந்து சுற்று, அமுக்குப் பொத்தானின் ஒவ்வொரு துளையிலும் அதேபோல. வளையம் விரலுக்கு ஆடினால் அவிழ்த்துத் திரும்பச் சுற்றுங்கள். கறுப்புப் பூச்சுள்ள பொத்தான் கடத்தாது, வெள்ளை உலோகமாகப் பார்த்து வாங்குங்கள். துணியில் நேருக்கு ஆண் பாதியையும் மறைக்குப் பெண் பாதியையும் தைத்து, பெட்டியின் வயர்களை மற்றப் பாதிகளில் பற்றாசு வைத்தால் பற்றரியை மாறிப் பூட்டவே முடியாது.

ஸ்ரீல் நூலின் முடிச்சு தானாக அவிழும் குணமுடையது. மூன்று முடிச்சுப் போட்டு, வாலை 3 மில்லிமீற்றருக்கு வெட்டி, நிறமற்ற நகப்பூச்சு ஒரு துளி வையுங்கள். ஆனால் சோதித்தபின்தான். முன்பே வைத்தால் பூச்சு நூலுக்கும் உலோகத்துக்கும் இடையில் புகுந்து இணைப்பையே தடுத்துவிடும். வெட்டாத வால்கள்தான் பக்கத்துக் கோட்டைத் தொட்டுக் குறுக்குச்சுற்று உண்டாக்குபவை.

சோதனைக்கு, பற்றரி பூட்டாமல் மல்ரிமீற்றரை எடுங்கள். நேர்ப் பொத்தானிலிருந்து மேற்கோட்டின் கடைசி வளையம் வரை 12 முதல் 15 ஓம் காட்ட வேண்டும். துணியை மடித்து உதறும்போது எண் துள்ளினால் எங்கோ சுற்று தளர்ந்திருக்கிறது. நேருக்கும் மறைக்கும் இடையில் சில ஓம் காட்டினால் வால் ஒன்று தொடுகிறது, பற்றரியைப் பூட்ட வேண்டாம். எல்லாம் சரியென்றால் உட்பக்கத்தில் மெல்லிய பருத்தித் துணியால் கோடுகளை மூடித் தையுங்கள். வியர்வை உப்பு, அது ஈரமாகக் கோடுகளை இணைத்துவிடும்.

தோய்க்கும்போது பற்றரிப் பெட்டியைக் கழற்றிவிடுங்கள். குளிர்ந்த நீரில், மென்மையான சவர்க்காரத்தில், கையால் அலசினால் போதும். கல்லில் அடிப்பதோ முறுக்கிப் பிழிவதோ கூடாது. வெளிறச்செய்யும் குளோரின் திரவம் ஸ்ரீலையும் அரிக்கும். குடாநாட்டுச் சுண்ணக்கல் நிலத்தின் கிணற்றுநீர் கடினமானது, தீவுகளில் பல இடங்களில் உவர் வேறு. துணியில் தங்கும் உப்பு மாரிக்காலத்தில் காற்றின் ஈரத்தை இழுத்துக் கோடுகளுக்கிடையில் மின்சாரத்தைக் கசியவிடும். ஆகவே கடைசி அலசலுக்கு மழைநீரோ வடிகட்டிய நீரோ பாவியுங்கள். நிழலில் நன்கு காயும்வரை பற்றரியைப் பூட்டாதீர்கள். ஈரத்துணியில் மின்சாரம் ஓடினால் நேர்ப் பொத்தான் பச்சை பிடித்து அரிக்கும்.

பாவனையில் ஒரு விளக்கு மட்டும் அணைந்தால் அதன் இரண்டு வளையங்களையும் அழுத்திப் பாருங்கள், எரிந்தால் அந்தச் சுற்றுகளை மட்டும் புதுப்பித்தால் போதும். இடது முனை விளக்கிலிருந்து சில மட்டும் எரிந்து மற்றவை அணைந்தால் மேற்கோடு, வலது முனையிலிருந்து சில மட்டும் எரிந்தால் கீழ்க்கோடு அறுந்திருக்கும். நான்கும் மங்கினால் முதலில் பற்றரி, பிறகு பொத்தான். பொத்தானில் பச்சையோ கறுப்போ படிந்திருந்தால் நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்துவிட்டுத் திரும்ப அளந்து பாருங்கள்.