வீட்டுப்பாடத்துக்கு மார்க் போடும்முன்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 2012-13இல், ஆண்டை மூன்று பருவமாகப் பிரிக்கும் முப்பருவ முறை வந்தபோது, பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் தேர்வாக வைக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 மார்க் என்று பிரித்தார்கள். படிக்கும்போதே கவனித்துத் திருத்தத்தான் அந்த 40. ஆனால் அதுவும் கூட்டலில் சேர்ந்ததால், பல வீடுகளில் செயல்திட்டம் பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் ஆனது. தெர்மாகோலை அப்பா வெட்டினார். முறை மாறியும் வீட்டுப்பாடத்தை மார்க் கறக்கும் மாடாகவே வைத்திருப்பதுதான் பெரிய தவறு.

ஒரு பையன் ஜூனில் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதுகிறான். மேலெண்ணோடு மேலெண், கீழெண்ணோடு கீழெண். பத்துக்கு 2. ஜூலையில் மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) பிடிபட்டு 5/6 என்று போடுகிறான், 9 வாங்குகிறான். சராசரி ஐந்தரை. அந்த ஐந்தரைப் பையன் ஜூனிலும் இல்லை, ஜூலையிலும் இல்லை. திறன் அடிப்படையிலான மதிப்பீடு கேட்பது ஒன்றே: இப்போது அவனுக்குப் பின்னம் கூட்ட வருகிறதா? கற்றுக்கொள்ளும் நாளில் செய்த பிழைக்கு அங்கே கணக்கில் இடமில்லை.

நோட்டை மறந்தவனுக்குப் பூஜ்யம் போடுவது அடுத்தது. மூன்று 90, ஒரு 0, சராசரி 67.5. அது கணக்கைப் பற்றிய மார்க்கா, மறதியைப் பற்றியதா? மறதியை ரிப்போர்ட்டில் தனியாக எழுதுங்கள்.

“மார்க் இல்லேன்னா எவன் சார் எழுதுவான்?” ஸ்டாஃப் ரூமில் தவறாமல் வரும் கேள்வி. நியாயமானதும்கூட. மார்க்கை எடுத்துவிட்டு நோட்டைப் பார்ப்பதையும் விட்டால் ஒருத்தனும் எழுதமாட்டான். மறுநாள் வீட்டுக்கணக்கில் ஒன்றை எண் மாற்றி ஐந்து நிமிட ஸ்லிப் டெஸ்ட் வையுங்கள், எழுதாதவனுக்கே உறைக்கும். திருத்தி மறுபடி கொண்டுவர விடலாம், ஆனால் எண்ணிக்கைக்கு வரம்பு வேண்டும். 45 நோட்டு மூன்று தடவை வந்தால் நமக்கு ராத்திரி கிடையாது.

கருத்தும் எழுதி, மார்க்கும் போடுவது வீண்வேலை. கல்வி உளவியல் ஆய்வாளர் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில் கருத்து மட்டும் பெற்ற பிள்ளைகள்தான் முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்கள் மார்க் மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றுவிட்டார்கள். ‘நன்று’, ‘கவனம் தேவை’ என்பதெல்லாம் கருத்தில் சேராது. அந்த 2/5க்குப் பக்கத்தில் நான் எழுதுவது இது: “அரைத் தோசையோடு இன்னும் கொஞ்சம் வைத்தால், தட்டில் அரையைவிடக் குறைவாகவா இருக்கும்?”