செங்கல் வளைவைக் கணினியில் ஏற்றும்போது சறுக்கும் இடங்கள்

சிங்கப்பூர்க் கடைவீடுகளின் முன்னால் உள்ள கூரையிட்ட நடைபாதையான அஞ்சடியில் நிற்கும் பழைய செங்கல் வளைவைக் கணினியில் வரைந்து, கான்கிரீட்டுக்குக் கொடுக்கும் குணங்களையே அதற்கும் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். அங்கங்கே திரை சிவந்துபோகும். "இழுவிசை மிஞ்சிவிட்டது, இடித்துக் கட்டலாம்" என்று அறிக்கையும் தயாராகிவிடும். நூறு வருடமாக நிற்கும் வளைவு நம் அறிக்கையைப் படித்துவிட்டா விழப்போகிறது?

சுண்ணாம்புச் சாந்துக்கு இழுவையைத் தாங்கும் தெம்பு அநேகமாகக் கிடையாது. உண்டு என்று கணினி மாதிரிக்குச் சொல்லிக்கொடுப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது. இழுவை வரும் இடத்தில் இணைப்பு லேசாக வாய் திறக்கும். சுமை வேறு வழி பார்த்துத் தரைக்கு இறங்கும். தொங்கும் சங்கிலியைத் தலைகீழாக்கினால் வளைவின் வடிவம் என்று ஆங்கிலேய விஞ்ஞானி ராபர்ட் ஹூக் 1675இலேயே சொல்லிவிட்டார். சுமை இறங்கும் பாதையான உந்துவிசைக் கோட்டை எப்படியாவது ஒரு விதமாகக் கல்லின் கனத்துக்குள் வரைய முடிந்தால் வளைவு நிற்கும். 1966இல் பொறியாளர் ஜாக் ஹேமன் இதை முறைப்படுத்தினார். இணைப்பு வாய் திறந்து கதவுக் கீல்போல் திரும்பும் இடம்தான் கீல். மூன்று கீல் விழுந்தாலும் வளைவு நிற்கும், நாலாவது கீல்தான் ஆளைக் கவிழ்க்கும்.

ஆகவே நிறத்தைவிடக் கனம் முக்கியம். நம் ஆட்கள் அதிகம் கோட்டைவிடுவதும் கனத்தில்தான். அரைவட்ட வளைவு தன் எடையை மட்டும் தாங்கி நிற்கவே ஆரத்தில் சுமார் 10.75 சதவீதக் கனம் வேண்டும். ஆரம் 1 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 11 செ.மீ. அரைச் செங்கல் கனத்துக்கு இது கத்திமேல் நடப்பது. மேலும் கீழும் இரண்டிரண்டு செ.மீ. பூச்சை ஸ்கேனர் சேர்த்து அளந்துவிட்டால், விழவேண்டிய வளைவும் திரையில் ஜம்மென்று நிற்கும். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் உட்சுவர்களில் நம்மூர் மதராஸ் சுண்ணாம்புப் பூச்சு உண்டு. முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்துக் குழைத்தது. எவ்வளவு அழகாக இருந்தாலும் பூச்சைக் கட்டுமானக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஓரிடத்தில் சுரண்டிப் பார்த்து அளந்துகொள்ளுங்கள். மறுபக்கம், வளைவின் தோள்மேல் கட்டியிருக்கும் சுவரை விட்டுவிட்டால் பலத்தைக் குறைத்துச் சொல்வீர்கள்.

சுமையை உச்சியில் மட்டும் வைத்துப் பார்ப்பதும் வழக்கம். பாலமென்றால் கால்வாசி தூரத்தில் வைக்கும் சுமைதான் பெரும்பாலும் மோசமானது. (சிங்கப்பூர் ஆற்றின் மேலுள்ள எல்ஜின் பாலமும் வளைவுதான், ஆனால் 1929இல் கட்டிய கான்கிரீட் வளைவு. இந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது.)

அடுத்தது, தாங்கிகளை அசையாமல் பூட்டிவிடுவது. காலாங் பக்கம் கடற்களிமண். பக்கத்து மனையில் குழி தோண்டினாலே கால்கள் சில மில்லிமீட்டர் விலகலாம். தாங்கிகளைப் பூட்டிய கணினி மாதிரி இதைக் காட்டவே காட்டாது. இழுவை இல்லாத மாதிரியில் தாங்கிகளை 5 மி.மீ. விலக்கி மறுபடி ஓட்டுங்கள். உச்சியில் அடிப்பக்கம் திறக்கும். தோள்களில் மேல்பக்கம் திறக்கும், அது சுவருக்குள் மறைந்திருக்கும். பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு அஞ்சடிக்குப் போய், வளைவின் உச்சியை அண்ணாந்து பாருங்கள்.