வெள்ளிக் காலணி எப்படி மாணிக்கக் காலணி ஆனது: சிறுவர் நாவலையும் அதன் படத்தையும் ஒப்பிடும் முறை

ஒரு நாவலையும் அதிலிருந்து எடுத்த படத்தையும் ஒப்பிடச் சொன்னால் பெரும்பாலோர் ஒரு பட்டியல் போட்டுவிடுகிறார்கள். புத்தகத்தில் இது உண்டு, படத்தில் இல்லை என்று இருபது வரி. அதைப் படித்து முடித்தவருக்கு நாவலும் பிடிபடாது, படமும் பிடிபடாது. கேட்க வேண்டிய கேள்வி வேறு. நாவலில் இந்தக் காட்சி என்ன வேலை செய்தது? படத்தில் அந்த வேலையை இப்போது யார் பார்க்கிறார்கள்? யாரும் பார்க்கவில்லை என்றால் கதையில் எங்கே ஓட்டை விழுந்தது?

பழகிப் பார்க்க ஒரு நல்ல ஜோடி இருக்கிறது. எல். ஃபிராங்க் பாம் எழுதி, டபிள்யூ. டபிள்யூ. டென்ஸ்லோ படம் வரைந்து 1900-ல் சிகாகோவில் வெளிவந்த ‘தி வொண்டர்ஃபுல் விசார்ட் ஆஃப் ஓஸ்’ நாவலும், எம்.ஜி.எம். நிறுவனம் 1939-ல் எடுத்த ‘தி விசார்ட் ஆஃப் ஓஸ்’ படமும்தான் அது. நாவலின் காப்புரிமை காலாவதியாகிவிட்டதால் முழு ஆங்கில மூலமும் ப்ராஜெக்ட் குடன்பெர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சுமார் 40,000 சொற்கள். இரண்டு நாள் மாலையில் முடித்துவிடலாம். படம் 102 நிமிடம். கதை இதுதான்: கான்சஸ் பண்ணையில் அத்தை மாமாவோடு வாழும் டோரதி என்ற சிறுமியையும் அவள் நாய் டோட்டோவையும் ஒரு சூறாவளி வீட்டோடு தூக்கி, ஓஸ் என்ற மாய நாட்டில் இறக்கிவிடுகிறது. அங்கே கிடைத்த மந்திரக் காலணியோடு (நாவலில் வெள்ளி, படத்தில் சிவப்பு மாணிக்கம்), சோளக்கொல்லைப் பொம்மை, தகர மரவெட்டி, சிங்கம் மூன்றையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, ஊர் திரும்ப வழி கேட்டு மரகத நகரத்து மந்திரவாதியைத் தேடிப் போகிறாள்.

முதலில் கையில் இருப்பது முழு நூல்தானா என்று பாருங்கள். சிறுவர்களுக்கென்று சுருக்கிய பதிப்புகள் ஏராளம். அவற்றை வைத்துக்கொண்டு ‘படம் இதை விட்டுவிட்டது’ என்று எழுதினால், விட்டது படமா பதிப்பாளரா என்றே தெரியாது. சோதிக்க எளிய வழி: மொத்தம் 24 அத்தியாயம் இருக்க வேண்டும். 12-ஆம் அத்தியாயத்தில் தகர மரவெட்டி 40 ஓநாய்களைக் கோடரியால் வெட்டுவான். 20-ஆம் அத்தியாயத்தில் எல்லாமே பீங்கானால் ஆன ஒரு நாடு வரும். இவை இல்லையென்றால் அந்தப் பிரதியை வைத்துவிட்டு வேறு தேடுங்கள்.

படத்தை ஏற்கெனவே பார்த்திருந்தால், நாவலைத் திறப்பதற்கு முன் நினைவில் உள்ள கதையை ஒரு பக்கத்தில் எழுதிவையுங்கள். இது முக்கியம். படம் மனதில் பதிந்தவர்கள் நாவலைப் படிக்கும்போதே படத்தை அதற்குள் நுழைத்துவிடுவார்கள். ‘வெள்ளி’ என்று அச்சில் இருந்தாலும் கண்ணுக்குள் சிவப்புக் காலணிதான் மின்னும். எழுதி வைத்த பக்கம் இருந்தால் எது எங்கிருந்து வந்தது என்று பிறகு பிரித்துவிடலாம்.

படிக்கும்போது நோட்டுப் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் அத்தியாய எண்ணோடு நிகழ்ச்சியை எழுதுங்கள். படத்தை முதல் தடவை பேனா இல்லாமல் பாருங்கள். இரண்டாம் தடவை நிறுத்தி நிறுத்தி, வலப்பக்கம் நிமிடத்தோடு குறியுங்கள். ஒவ்வொரு வரிக்கும் நான்கில் ஒரு குறி: போனது, வந்தது, மாறியது, இடம் பெயர்ந்தது. கடைசிக் குறியைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ‘நம் வீடு போல வேறு இடம் இல்லை’ என்ற வரி இரண்டிலும் உண்டு. நாவலில் அது 4-ஆம் அத்தியாயத்திலேயே வந்துவிடுகிறது. டோரதி அதைச் சோளக்கொல்லைப் பொம்மையிடம் சொல்ல, உங்கள் தலையிலும் என்னைப்போல வைக்கோல் இருந்தால் எல்லோரும் அழகான ஊர்களுக்குக் குடிபோயிருப்பீர்கள், கான்சஸில் ஆளே இருக்காது என்று அது பதில் சொல்கிறது. அந்த இடத்தில் அது ஒரு மெல்லிய நகைச்சுவை. படம் அதே வரியை எடுத்து, ஊர் திரும்புவதற்கான மந்திரமாகவே ஆக்கிவிட்டது. நாவலில் காலணியைத் தட்டியபின் டோரதி சொல்வது, என்னை எம் அத்தையிடம் கொண்டுபோய்ச் சேர் என்பது மட்டும்தான். சொற்கள் ஒன்று, எடை வேறு.

அடுத்தது நேரக் கணக்கு. நாவலில் சூறாவளி முதல் அத்தியாயத்திலேயே வீட்டைத் தூக்கிவிடுகிறது, சில பக்கங்கள்தான். படத்தில் கதவைத் திறந்து டோரதி வண்ண உலகத்தில் கால் வைக்க ஏறக்குறைய 20 நிமிடம் ஆகிறது. 24-ல் ஒரு பங்காக இருந்தது ஐந்தில் ஒரு பங்காகப் பெருத்திருக்கிறது. முடிவில் இதற்கு நேர்மாறு. நாவலில் 15-ஆம் அத்தியாயத்தில் மந்திரவாதி வெறும் ஏமாற்றுக்காரன் என்ற குட்டு வெளிப்பட்டபின் இன்னும் ஒன்பது அத்தியாயங்கள் ஓடுகின்றன. சண்டை போடும் மரங்கள், பீங்கான் நாடு, சிங்கம் கொல்லும் பெரிய சிலந்தி எல்லாம் அங்கேதான். படத்தில் டோரதியை ஊருக்குக் கொண்டுபோக வேண்டிய பலூன் கைவிட்டுப் போனதும், நல்ல சூனியக்காரி கிளிண்டா வந்து இறங்கிவிடுகிறாள். எங்கே நீட்டியிருக்கிறார்கள், எங்கே நறுக்கியிருக்கிறார்கள் என்று இப்படி எண்ணில் எழுதிப் பார்த்தால், படம் எதன்மேல் பாரத்தை வைத்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். இந்தப் படம் கான்சஸின் மேல் வைத்திருக்கிறது.

இனி ஒரே ஒரு காட்சியை எடுத்து அக்குவேறு ஆணிவேறாகப் பிரிக்க வேண்டும். சூனியக்காரி கரையும் காட்சி இதற்குத் தோதானது.

நாவலில் டோரதி மேற்குச் சூனியக்காரியின் சமையலறையில் வேலைக்காரி. பாத்திரம் தேய்க்கிறாள், தரை கூட்டுகிறாள், அடுப்புக்கு விறகு போடுகிறாள். சூனியக்காரிக்கு அந்த வெள்ளிக் காலணி வேண்டும். தரையில் ஓர் இரும்புக் கம்பியை வைத்து, அது கண்ணுக்குத் தெரியாதபடி மந்திரம் போடுகிறாள். டோரதி தடுக்கி விழ, ஒரு காலணி கழன்றுவிடுகிறது. சூனியக்காரி அதைப் பிடுங்கித் தன் காலில் மாட்டிக்கொள்கிறாள். டோரதிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. பக்கத்தில் இருந்த வாளித் தண்ணீரைத் தூக்கி அவள்மேல் கொட்டுகிறாள். சூனியக்காரி கரைந்ததும் பயந்துபோகிறாள். பிறகு இன்னொரு வாளி தண்ணீர் ஊற்றி, அந்தக் குழம்பை வாசலுக்கு வெளியே கூட்டித் தள்ளி, காலணியைத் துணியால் துடைத்து மாட்டிக்கொள்கிறாள். வேலைக்காரச் சிறுமி வேலையை முடித்துவிட்டாள், அவ்வளவுதான்.

படத்தில் சூனியக்காரி சோளக்கொல்லைப் பொம்மையின் கையில் தீ வைக்கிறாள். டோரதி நண்பனைக் காப்பாற்றத் தண்ணீரை வீசுகிறாள். அது சூனியக்காரியின்மேலும் தெறிக்கிறது. தண்ணீர் அவளைக் கொல்லும் என்பது இரண்டிலும் டோரதிக்குத் தெரியாது. ஆனால் நாவலில் அவள் குறிபார்த்து ஊற்றுகிறாள், தன் பொருள் பறிபோன ஆத்திரத்தில். படத்தில் கோபம் போய் அன்பு வந்துவிட்டது.

இதை மட்டும் வைத்து ஒரு முடிவுக்கு வந்துவிடாதீர்கள். ஒரு மாற்றம் தற்செயலாக இருக்கலாம். அதே திசையில் இன்னும் இரண்டு கிடைக்கிறதா என்று தேடுங்கள். நாவலில் மந்திரவாதி அவளிடம் சூனியக்காரியைக் கொன்றுவிட்டு வா என்றே சொல்கிறான். படத்தில் துடைப்பத்தைக் கொண்டு வா என்கிறான். 40 ஓநாய்களும், சோளக்கொல்லைப் பொம்மை கழுத்தைத் திருகிய 40 காக்கைகளும் படத்தில் இல்லவே இல்லை. மூன்றும் ஒரே பக்கம் சாய்கின்றன: நல்லவர்கள் கையில் ரத்தம் படியாதபடி படம் பார்த்துக்கொள்கிறது. இப்போதுதான் உங்களிடம் சொல்வதற்கு ஒரு கருத்து இருக்கிறது.

இரண்டு பாத்திரங்களை ஒன்றாக்கும் இடங்களைத் தனியாகக் கவனியுங்கள். திரைக்கதையில் ஆள் எண்ணிக்கையைக் குறைப்பது சகஜம். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. நாவலில் நல்ல சூனியக்காரிகள் இருவர். ஆரம்பத்தில் வருகிற வடக்குக் கிழவிக்குக் காலணியின் சக்தி என்னவென்று தெரியாது. கடைசியில் தெற்கே இருக்கும் கிளிண்டாவுக்குத் தெரியும். அதனால்தான் அவ்வளவு தூரப் பயணம். படம் இருவரையும் ஒருத்தியாக்கி, வடக்கின் கிளிண்டா என்று பெயர் வைத்தது. உடனே ஒரு சிக்கல்: எல்லாம் தெரிந்தவள் முதல் நாளே ஏன் சொல்லவில்லை? படம் அதற்கு ஒரு வசனம் எழுதவேண்டி வந்தது. சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள், தானே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது என்கிறாள் கிளிண்டா. அதாவது சிக்கனத்துக்காகச் செய்த ஒரு மாற்றம் கதைக்கே ஒரு பாடத்தைக் கொண்டுவந்துவிட்டது.

அந்தப் பாடம் பொருந்த வேண்டுமானால் டோரதிக்கு முதலில் வீட்டைவிட்டுப் போகும் ஆசை இருக்க வேண்டும். நாவலின் டோரதிக்கு அது கிடையாது. கான்சஸில் புல், வீடு, அத்தையின் கண், மாமாவின் தாடி எல்லாமே சாம்பல் நிறம் என்று பாம் அடுக்கிக்கொண்டே போவார். டோட்டோ மட்டும் கறுப்பு, அதனால்தான் அவளுக்குச் சிரிப்பு மிச்சம் இருந்தது. அப்படியிருந்தும் ஓஸில் இறங்கிய நிமிடத்திலிருந்து அவள் கேட்பது ஊருக்கு வழி. படத்து டோரதி வானவில்லுக்கு அப்பால் போகப் பாடுகிறாள், டோட்டோவைக் காப்பாற்ற வீட்டைவிட்டு ஓடுகிறாள். அந்த ஓட்டத்துக்குக் காரணமாக மிஸ் கல்ச் என்ற பாத்திரம், வழியில் பேராசிரியர் மார்வெல், பண்ணையில் மூன்று வேலையாட்கள். எல்லாம் நாவலில் இல்லாதவர்கள். அதே முகங்கள் ஓஸில் சூனியக்காரியாகவும் மந்திரவாதியாகவும் மூன்று நண்பர்களாகவும் திரும்பி வருகின்றன. ஏனென்றால் படத்தில் ஓஸ் ஒரு கனவு. நாவலில் கனவு இல்லை: ஹென்றி மாமா புது வீடு கட்டியிருக்கிறார், வெள்ளிக் காலணி பாலைவனத்தில் விழுந்து தொலைந்துவிட்டது. 1910-ல் வந்த ஆறாவது ஓஸ் புத்தகத்தில் அத்தையும் மாமாவுமே ஓஸுக்குக் குடிபோகிறார்கள்.

இப்படி ஒன்றை இழுத்தால் பத்து கூட வரும் மாற்றம்தான் ஆணிவேர். உங்கள் நோட்டில் ‘வந்தது’ என்று குறித்த வரிகளையெல்லாம் பார்த்து, எத்தனை வரிகள் ஒரே காரணத்தில் முடிகின்றன என்று அம்புக்குறி போடுங்கள். அதிக அம்பு விழும் இடத்தைக் கட்டுரையின் மையமாக வையுங்கள்.

இழந்தவற்றில் நாம் பெரிதாக நினைப்பது பச்சைக் கண்ணாடி. நாவலின் மரகத நகரத்துக்குள் நுழைகிற எல்லோர் கண்ணிலும் பச்சைக் கண்ணாடி மாட்டிப் பூட்டிவிடுவார்கள். மற்ற ஊரைவிட இங்கே பச்சை அதிகம் ஒன்றும் இல்லை என்று மந்திரவாதியே பிறகு ஒப்புக்கொள்கிறான். ஒரு ஊரே சேர்ந்து ஏமாந்த கதை அது. படத்தில் நகரம் நிஜமாகவே பச்சை. ஏமாற்று திரைக்குப் பின்னால் நிற்கும் ஒரு மனிதனோடு முடிந்துவிடுகிறது. வண்ணத்தைக் காட்டவே எடுத்த படத்தில், வண்ணம் பொய் என்று சொல்லும் காட்சிக்கு இடம் கிடைத்திருக்காது என்பது எங்கள் ஊகம். காலணி விஷயத்தில் ஊகம் தேவையில்லை: டெக்னிகலர் என்ற வண்ணப்பட முறையில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்றுதான் திரைக்கதையாசிரியர் நோயல் லாங்லி வெள்ளியை மாணிக்கமாக்கினார்.

வழக்கமாகத் தவறுகிற இடங்கள் சில. ‘இயக்குநர் மாற்றினார்’ என்று எழுதுவது ஒன்று. திரையில் இயக்குநராக வருவது விக்டர் ஃபிளெமிங் பெயர். ஆனால் கான்சஸ் காட்சிகளை எடுத்தவர் கிங் விடார். திரைக்கதைக்கு மூன்று பேர் பெயர் உண்டு. ‘படம் மாற்றியது’ என்று எழுதுவதே பத்திரம். பாம் 1919-லேயே காலமானவர். படத்தில் அவர் கை இல்லை. இடையில் வந்த தழுவலை மறப்பது இன்னொன்று. கசகசாப் பூந்தோட்டத்து மயக்கத்தை நாவலில் எலிகள் தீர்க்கின்றன, சிங்கத்தை வண்டியில் வைத்து இழுத்து. படத்தில் பனி பெய்கிறது. அந்தப் பனி 1902-ஆம் ஆண்டு மேடை நாடகத்திலேயே வந்துவிட்டது. மூன்றாவது, வெள்ளிக் காலணியும் மஞ்சள் கல் சாலையும் அன்றைய அமெரிக்காவின் வெள்ளி–தங்க நாணய அரசியலைக் குறிக்கின்றன என்ற விளக்கம். அது ஹென்றி லிட்டில்ஃபீல்ட் 1964-ல் எழுதிய கட்டுரையால் பரவியது. பாமே அப்படி நினைத்து எழுதியதாக எழுதிவிடாதீர்கள்.

படத்திலேயே அறுந்து தொங்கும் நூல்களையும் பாருங்கள். டோரதியைப் பிடிக்கக் காட்டுக்குள் பறக்கும் குரங்குகளை அனுப்பும்போது, முன்னதாக ஒரு சிறு பூச்சியை அனுப்பியிருப்பதாகச் சூனியக்காரி சொல்வாள். பூச்சி வரவே வராது. அந்தப் பாட்டுக் காட்சி எடுத்தபின் வெட்டப்பட்டது. இப்படிப்பட்ட ஓட்டையை நாவல் தெரியாத ரசிகர் நாவலின் குறை என்று நினைத்துவிடுவார்.

எழுத உட்காரும்போது மூன்று மாற்றங்கள் போதும். ‘நாவலுக்கு உண்மையாக இருக்கிறது’, ‘நாவல்தான் சிறந்தது’ என்ற இரண்டு வாக்கியங்களையும் முதல் வரைவில் தடை செய்துகொள்ளுங்கள். அவை வந்தால் காரணம் தேடும் வேலை நின்றுவிடும். ஒவ்வொரு பத்தியிலும் நாவலில் நடப்பது இரண்டு வரி, படத்தில் நடப்பது இரண்டு வரி, மாற்றத்தால் விளைந்தது நான்கு வரி. முதலிரண்டும் நீண்டு மூன்றாவது சுருங்கினால் கதைச்சுருக்கம் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். நாவல் பக்கம் அத்தியாய எண்ணும் படம் பக்கம் நிமிடமும் தவறாமல் இருக்கட்டும். பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும், அத்தியாய எண் மாறாது.

குழந்தைகளோடு சேர்ந்து செய்வதானால், படம் போடுவதற்கு முன் தகர மரவெட்டியை வரையச் சொல்லுங்கள். நாவலில் அவன் முதலில் சதையும் எலும்புமான மனிதன். சூனியம் வைத்த கோடரி ஒவ்வோர் உறுப்பாக வெட்ட, கொல்லன் ஒவ்வொன்றாகத் தகரத்தில் செய்து பொருத்துகிறான். 5-ஆம் அத்தியாயத்தைப் படித்த குழந்தை வரையும் தகர மனிதனும், அதைப் படிக்காமல் படம் மட்டும் பார்த்த குழந்தை வரைவதும் ஒன்றாக இருக்காது. இரண்டையும் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, மூட்டுகள் எங்கே எங்கே இருக்கின்றன என்று எண்ணச் சொல்லுங்கள்.